தொடக்கக் காலத் திரைப்படங்களில் பெண்ணும் சமூகமும்: முடிவைப் பார்ப்பதா, நடுவில் அவள் பேசியதைப் பார்ப்பதா?

பாலாற்றங்கரையான் (வேலூர்):

அனைவருக்கும் வணக்கம். தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படமாகக் கருதப்படும் ‘கீசக வத’த்தை எடுத்த ஆர். நடராஜ முதலியார் நம் வேலூரில் 1885ஆம் ஆண்டு பிறந்தவர் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். சென்னையில் மோட்டார் வணிகம் செய்துகொண்டிருந்தவர், புனே சென்று ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் தொழில் கற்று, புரசைவாக்கத்தில் படப்பிடிப்புக் கூடம் அமைத்து, 1917-18 வாக்கில் அந்தப் படத்தை முடித்தார் என்பது வரலாறு. அவர் எடுத்துக்கொண்ட கதையைப் பற்றி மட்டும் நாம் அதிகம் பேசுவதில்லை. விராடனின் அரண்மனையில் பணிப்பெண்ணாக மறைந்து வாழும் திரௌபதியைக் கீசகன் துரத்துகிறான். அவள் அரசவையில் போய் முறையிடுகிறாள். அவையினர் வாய் திறக்கவில்லை. இறுதியில் வீமன் இருளில் காத்திருந்து கீசகனைக் கொல்கிறான். பிறகு முதலியார் எடுத்த படங்களுள் ஒன்று ‘திரௌபதி வஸ்திராபகரணம்’. அதிலும் ஒரு சபை, அதிலும் வாய்மூடி அமர்ந்திருக்கும் பெரியவர்கள்.

தொடக்கக் காலப் படங்கள் பெண்ணின் துயரத்தைக் காட்டத் தயங்கியதே இல்லை, அந்தத் துயரத்தை யார் தீர்ப்பது என்ற கேள்விக்குத்தான் ஒரே விடையைத் திரும்பத் திரும்பச் சொல்லின என்பது என் கருத்து. கணவனோ கடவுளோ வந்து தீர்த்தார்கள்; இருவரும் வராத கதைகளில் அவள் உயிரை விட்டாள். சந்திரமதி, தமயந்தி, சீதை, சாவித்திரி, நல்லதங்காள் என்று எந்தப் பெயரை எடுத்தாலும் இந்தச் சட்டகத்துக்குள் அடங்கிவிடுகிறது.

1931 அக்டோபர் 31 அன்று வெளியான முதல் தமிழ்ப் பேசும் படம் ‘காளிதாஸ்’ இதற்கு மிகத் தெளிவான சான்று. அதன் நாயகி வித்யாதரி கல்வி கற்ற இளவரசி. அமைச்சரின் மகனை மணக்க மறுத்தாள் என்பதற்காக, தான் அமர்ந்திருக்கும் கிளையையே வெட்டும் மாடு மேய்ப்பவனை அவளுக்கு ஏமாற்றிக் கட்டிவைக்கிறார்கள். அவள் காளியிடம் அழுது முறையிட, காளி தோன்றிக் கவித்திறனை அந்தக் கணவனுக்கு அருளுகிறாள். தனக்கென ஒரு விருப்பம் இருந்ததற்காகத் தண்டிக்கப்பட்ட பெண்ணுக்கு நீதி கிடைப்பது, அவளுடைய கணவன் அறிஞனாவதன் வழியாகத்தான். பேசும் படம் தமிழில் பேசத் தொடங்கிய முதல் நாளிலேயே இதைத்தான் பேசியது.

ஒரு படம் நடுவில் என்ன சொன்னாலும் அதன் முடிவே அதன் தீர்ப்பு என்று நான் கருதுகிறேன். உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

செய்யாற்றான்:

ஐயா, கூத்தாடும் குடும்பத்தில் பிறந்தவன் என்ற முறையில் திரௌபதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் அவள் கதைநாயகி மட்டுமல்லள், ஊர் எல்லையில் கோயில் கொண்டிருக்கும் அம்மன். திருவிழா நாட்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடக்கும். துகில் உரிதல் நடக்கும் இரவில், சேலையைப் பற்றி இழுக்க வேண்டிய துச்சாதன வேடக்காரர் அதற்கு முன் கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் கை வைப்பார். திரௌபதி வேடம் கட்டுபவர் ஆண்தான். கீழே அமர்ந்திருக்கும் பெண்கள் அந்த நேரத்தில் அவரை ஆண் என்று நினைப்பதில்லை. சபையில் இருக்கும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, தருமனே தன்னைத் தோற்ற பிறகு என்னைப் பணயம் வைக்க அவனுக்கு ஏது உரிமை என்று அவள் கேட்கும்போது, குழந்தைகளைத் தூங்கவைத்துக்கொண்டிருந்த தாய்மார்கள்கூட நிமிர்ந்து உட்கார்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கண்ணன் சேலை தருவதோடு எங்கள் கதை நின்றுவிடுவதில்லை. விரித்த கூந்தலோடு அவள் சபதம் செய்கிறாள். பதினெட்டாம் நாள் போர் முடிந்த காலையில், படுகளத்தில் மண்ணால் செய்து கிடத்தியிருக்கும் துரியோதனனின் உருவத்தின் மேல் ஏறி அவள் கூந்தல் முடித்த பிறகே ஊர் தீமிதிக்குத் தயாராகும். கணவன்மார் ஐவர் இருந்தும் போரை நடத்துபவள் அவள்தான் என்று எங்கள் ஊர்ப் பெண்கள் உறுதியாக நம்புகிறார்கள்.

ஆகவே முதலியாரின் படத்தைப் பார்த்த வட ஆற்காட்டு மக்கள், திரையில் ஓர் அபலையைப் பார்த்ததாக நாம் எடுத்துக்கொள்ள முடியாது. அது மௌனப் படம். திரையில் அவள் வாய் அசைந்த இடத்தில் எந்தக் கேள்வி ஒலித்திருக்க வேண்டும் என்பது அவர்களுக்கு மனப்பாடமாகத் தெரியும்.

கயல்விழி (காட்பாடி):

இருவருக்கும் வணக்கம். கல்லூரியில் நாடகமும் திரைப்படமும் கற்பிக்கிறேன். ஐயா முடிவைப் பார்க்கச் சொல்கிறார். நான் அந்தப் பாத்திரத்தை ஏற்றவர் யார் என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வேன், ஏனென்றால் அன்றைய சமூகம் நடிகையைக் கதையிலிருந்து பிரித்துப் பார்க்கவே இல்லை.

1913இல் தாதாசாகேப் பால்கே ‘ராஜா ஹரிச்சந்திரா’ எடுத்தபோது தாராமதியாக நடிக்க ஒரு பெண்ணும் முன்வரவில்லை. உணவு விடுதியொன்றில் வேலை பார்த்த சாலுங்கே என்ற இளைஞர் சேலை கட்டி நடித்தார். 1917இல் வெளிவந்த ‘லங்கா தஹன்’ படத்தில் அவரே இராமன், அவரே சீதை. கற்பின் உருவமாக மக்கள் வணங்கிய முதல் திரைப் பெண் ஓர் ஆண் என்பதை என் மாணவிகள் முதலில் நம்ப மறுக்கிறார்கள். குடும்பப் பெண் முகம் காட்டினால் குடும்பம் கெடும் என்று சொன்ன சமூகம், குடும்பப் பெண்ணின் பெருமையைப் பாடும் படத்தை மட்டும் கைகூப்பிப் பார்த்தது. அதே 1913இல் ‘மோகினி பஸ்மாசுர்’ படத்தில் துர்காபாய் காமத்தும் அவருடைய மகள் கமலாபாயும் நடித்தார்கள். கணவரைப் பிரிந்து, மகளோடு நாடகக் குழுவில் பிழைத்துவந்த பெண் துர்காபாய். பிழைக்க வேறு வழி இல்லாதவர்தான் அந்தக் கதவை முதலில் திறந்தார்.

பிறகு யூத, ஆங்கிலோ இந்தியப் பெண்கள் வந்தார்கள். ரூபி மையர்ஸ் ‘சுலோசனா’ ஆனார்; ரெனீ ஸ்மித் ‘சீதா தேவி’ ஆனார். 1926இல் சுலோசனா ‘டெலிபோன் கேர்ள்’, ‘டைப்பிஸ்ட் கேர்ள்’ என்ற படங்களில் நடித்தார். சம்பளம் வாங்கும் பெண்ணைத் திரையில் காட்டிய முதல் படங்களுள் அவை அடங்கும். அந்தப் பெண் நம் வீட்டுப் பெண் அல்லள் என்று பார்வையாளர் ஆறுதல் அடைய அந்த முகங்களும் உதவின என்றே நினைக்கிறேன்.

இப்போது ‘காளிதாஸு’க்கு வருகிறேன். வித்யாதரியின் நிலைமையை ஐயா சரியாகவே விளக்கினார். அந்த வித்யாதரியாக நடித்தவர் டி. பி. ராஜலட்சுமி. சிறுமியாக இருந்தபோதே மணம் செய்துவைக்கப்பட்டு, அந்த மணம் நிலைக்காமல், குடும்பத்தைக் காப்பாற்ற நாடக மேடை ஏறியவர். ஐந்தே ஆண்டுகளில், 1936இல், தாம் எழுதிய ‘கமலவல்லி’ நாவலை ‘மிஸ் கமலா’ என்ற பெயரில் தாமே தயாரித்து, இயக்கி, நடித்தார். தமிழின் முதல் பெண் இயக்குநர் அவர்தான். காளியிடம் கணவனுக்காகக் கையேந்திய அதே முகம் படப்பிடிப்பில் அத்தனை ஆண்களையும் வேலை வாங்கியது. 1935இல் ‘நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்த கே. பி. சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாத்திரம் அடங்கிப்போனது, நடிகை அடங்கிப்போகவில்லை. பார்வையாளருக்கு இரண்டுமே தெரிந்திருந்தது. பத்திரிகைகளும் பாட்டுப் புத்தகங்களும் அந்தப் பெண்களின் பெயர்களை வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்தன.

பாலாற்றங்கரையான் (வேலூர்):

கயல்விழி அம்மா, நடிகைகளின் துணிவை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் கதையை நம்பிக் கொட்டகைக்கு வந்த பெண் கதையைத்தான் வீட்டுக்கு எடுத்துச் சென்றாள். சீர்திருத்தப் படங்கள் என்று போற்றப்படுபவற்றையே பாருங்கள். 1937இல் சாந்தாராம் எடுத்த ‘துனியா ந மானே’ படத்தில், ஏமாற்றி ஒரு முதியவருக்குக் கட்டிவைக்கப்பட்ட நிர்மலா, அவரைக் கணவராக ஏற்க உறுதியாக மறுக்கிறாள். சாந்தா ஆப்தே அந்த மறுப்பை நடித்த விதம் இன்றும் நம்மை உலுக்குகிறது. இறுதியில் அந்த முதியவர் தம் பிழையை உணர்ந்து, மறுமணம் செய்துகொள் என்று அவளுக்கு எழுதிவைத்துவிட்டு உயிரை விடுகிறார். அவளுக்குக் கிடைக்கும் விடுதலைகூட ஓர் ஆணின் மனமாற்றத்தாலும் மரணத்தாலும் வருகிறது. ‘தியாக பூமி’யிலும் கணவன் திருந்திய பிறகுதான் கதைக்கு அமைதி பிறக்கிறது. இதற்கு என்ன சொல்வீர்கள்?

சத்துவாச்சாரி வழக்கறிஞர்:

இந்த இடத்தில் நான் குறுக்கிடலாம் என்று நினைக்கிறேன். ‘தியாக பூமி’யின் நீதிமன்றக் காட்சியை ஒரு வழக்கறிஞர் பார்க்கும் விதம் சற்று வேறு.

கே. சுப்ரமணியம் இயக்கி 1939இல் வெளியான படம் அது. படம் உருவாகும்போதே கல்கி அந்தக் கதையை ஆனந்த விகடனில் படக்காட்சிகளுடன் தொடராக எழுதினார். எஸ். டி. சுப்புலட்சுமி நடித்த சாவித்திரி, கணவனாலும் மாமியாராலும் வதைக்கப்பட்டு, கருவுற்ற நிலையில் ஆதரவில்லாமல் தவிக்கிறாள்; பெற்ற குழந்தையைப் பிரிகிறாள்; பின்னர் பெருஞ்செல்வத்துக்கு உரியவளாகி உமாராணி என்ற பெயரோடு திரும்பிவருகிறாள். இப்போது அந்தக் கணவன், மனைவி தன்னோடு வந்து வாழ வேண்டும் என்று வழக்குத் தொடுக்கிறான். கூண்டில் நின்று அவள் மறுக்கிறாள். வேண்டுமானால் கணவனுக்கு ஜீவனாம்சம் தரத் தயார் என்கிறாள். ஜீவனாம்சம் கேட்டு மனைவி நீதிமன்றப் படியேறுவதை மட்டுமே பார்த்துப் பழகிய ஊரில், அதைக் கொடுப்பவளாக ஒரு பெண் கூண்டில் நிற்கிறாள். அன்றைக்குக் கொட்டகையில் அமர்ந்து இதைக் கேட்ட வழக்கறிஞர்களின் மனநிலையை நான் அடிக்கடி கற்பனை செய்து பார்ப்பதுண்டு.

அப்படிப்பட்ட வழக்குக்கு ஒரு முன்வரலாறு உண்டு. சிறுவயதில் மணம் முடிக்கப்பட்ட பம்பாயின் ருக்மாபாய் மீது, கணவர் 1884இல் இதே வகை வழக்கைத் தொடுத்தார். 1887இல், கணவரோடு சென்று வாழ வேண்டும், இல்லையேல் சிறை செல்ல வேண்டும் என்று உத்தரவானபோது, சிறையே செல்கிறேன் என்றார் ருக்மாபாய். பின்னர் அவர் இலண்டன் சென்று மருத்துவம் படித்துத் திரும்பினார். நம் வேலூரில் ஐடா ஸ்கடர் 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கியதை இதனோடு இணைத்துப் பார்க்கிறேன். திரௌபதியின் துயரத்தை முதலியார் படமாக்கிக்கொண்டிருந்த அதே காலத்தில் அவருடைய சொந்த ஊரில் இளம்பெண்கள் உடற்கூறு படித்துக்கொண்டிருந்தார்கள். திரைப்படம் அவர்களைக் கண்டுகொள்ள நெடுங்காலம் ஆயிற்று.

முடிவைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். 1939இல் சென்னை மாகாணத்தில் இந்துப் பெண் ஒருத்தி சடங்கு முறையில் நடந்த மணத்தை நீதிமன்றம் சென்று முறித்துக்கொள்ளச் சட்டத்தில் வழியே இல்லை. தனியே வாழ்ந்து வாழ்க்கைப்படி பெறும் உரிமைக்கான சட்டம் 1946இல்தான் வந்தது. சென்னை மாகாணத்தின் இருதார மணத் தடை மற்றும் மணமுறிவுச் சட்டம் 1949இல் வந்தது. இந்து திருமணச் சட்டம் 1955இல் வந்தது. அப்படியானால் உமாராணியின் கதை எப்படித்தான் முடிந்திருக்க முடியும்? ஒன்று அவன் திருந்த வேண்டும், இல்லையென்றால் யாராவது ஒருவர் சாக வேண்டும். நிர்மலாவுக்கும் இதே நிலைதான். அந்தப் படங்களின் முடிவைக் கதாசிரியர் எழுதினார் என்பதைவிட, சட்டம் எழுதியது என்பேன். சட்டத்தில் இல்லாத ஒன்றை, நான் வர மாட்டேன் என்ற சொல்லை, படத்தின் நடுப்பகுதிதான் சொல்ல முடிந்தது.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். 1940இல் ஆங்கில அரசு அந்தப் படத்தைத் தடை செய்தது காங்கிரஸ் இயக்கத்துக்கு ஆதரவாக இருந்ததற்காகத்தான். கணவனை மறுக்கும் மனைவி அரசின் கண்ணை உறுத்தவில்லை. அவளைக் கண்டு உறுத்தல் கொண்டவர்கள் வீடுகளில் இருந்தார்கள். கணவனோ மனைவியோ மற்றவரைச் சேர்ந்து வாழும்படி கேட்கும் அந்த வழக்கு, இந்து திருமணச் சட்டத்தின் 9ஆம் பிரிவாக இன்றும் நிற்கிறது. 1983இல் ஆந்திர உயர் நீதிமன்றம் அப்பிரிவு அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. 1984இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. எங்கள் குடும்ப நல நீதிமன்றத்தில் அந்த மனுக்களை இப்போதும் பார்க்கிறேன்.

குடியாத்தம் பேத்தி:

நீங்கள் எல்லோரும் படித்தவற்றைக் கொண்டு பேசுகிறீர்கள். நான் என் பாட்டியைக் கொண்டு ஒன்று சொல்கிறேன்.

பாட்டி வாழ்நாள் முழுவதும் பீடி சுற்றியவர். இளமையில் டூரிங் டாக்கீஸில் பெண்களுக்கென அடைத்துவிட்ட பகுதியில் மணல் தரையில் அமர்ந்து அவர் பார்த்த படங்களில், 1942இல் வந்த ‘கண்ணகி’யை மட்டும் கடைசிவரை மறக்கவில்லை. இளங்கோவன் எழுதி, கண்ணாம்பா பேசிய அரசவைக் காட்சி அவருக்கு ஏறக்குறைய மனப்பாடம். கண்ணாம்பா தெலுங்கு நாட்டவர் என்று நான் சொன்னபோது, அந்தக் கோபத்துக்கு ஊர் ஏது என்று கேட்டார்.

முறத்தில் சுற்றிய பீடிகளைக் கட்டுக் கட்டாக அடுக்கிக் கொண்டுபோனால், வாங்கும் இடத்தில் இருப்பவர் இலை சரியில்லை, தூள் குறைவு என்று ஒரு பகுதியைக் கழித்துவிடுவார். கழித்ததற்குக் கூலி கிடையாது, கழித்தவற்றைத் திருப்பியும் தரமாட்டார். ஒருநாள் பாட்டி அந்தக் கட்டுகளில் ஒன்றை வலக்கையில் தூக்கிப் பிடித்து, எது குறை என்று உடைத்துக் காட்டு என்று அத்தனை பெண்கள் முன்னிலையில் கேட்டாராம். கண்ணகி சிலம்பைத் தூக்கியது போலவே நின்றார் என்று அவருடன் வேலை செய்த பெண்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அன்று கழித்த பீடிக்குக் கூலி கிடைத்தது.

ஐயா சொல்வது போல ‘கண்ணகி’ கற்பைப் போற்றும் படம்தான். மாதவியைத் தேடிச் சென்ற கணவன் திரும்பி வரும்வரை அவள் ஒரு சொல்லும் கேட்பதில்லை. பாட்டியும் தாத்தாவை ஒரு சொல் கேட்டதில்லை, அதையும் நான் மறைக்க விரும்பவில்லை. வீட்டுக்குள் அடங்கி இருப்பதையும் வெளியே அநியாயத்தைக் கேட்பதையும் ஒரே படத்திலிருந்து அவர் கற்றுக்கொண்டார்.

பாலாற்றங்கரையான் (வேலூர்):

பேத்தி எழுதியதைப் படித்ததிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். விராடனின் அவை, துரியோதனனின் சபை, சாவித்திரி நின்ற நீதிமன்றம், பாண்டியன் அவை, இப்போது பீடி வாங்கும் இடம். நம் மக்கள் மனத்தில் நின்ற காட்சிகள் எல்லாமே ஒரு பெண் சபைக்கு நடுவே நின்று கேட்கும் காட்சிகளாக இருக்கின்றன. முடிவு முக்கியம் என்ற என் கருத்தில் நான் நிற்கிறேன், ஏனென்றால் வழக்கறிஞர் காட்டிய சட்டங்கள் மாறிய பிறகும் நம் படங்களின் முடிவுகள் பல பத்தாண்டுகள் மாறவில்லை. அதற்குச் சட்டத்தைக் காரணம் காட்ட முடியாது. ஆனால் தொடக்கக் காலப் படங்களுக்கும் பின்னால் வந்தவற்றுக்கும் ஒரே அளவுகோலை வைக்கக் கூடாது என்பதில் எனக்கு இப்போது ஐயமில்லை. 1939இல் வேறு முடிவு எழுதச் சட்டத்தில் இடமில்லை. 1960களில் எழுதியவர்களுக்கு அந்த இடம் இருந்தது, அவர்கள் அதைப் பயன்படுத்தவில்லை.

கயல்விழி அம்மாவிடம் ஒரு கேள்வி. சபையில் நின்று பேசிய இந்தப் பெண்கள் எல்லாரும் அரசி, பிராமணப் பெண், வணிகர் குலப் பெண். பேத்தியின் பாட்டியைப் போன்ற பெண்ணுக்கு அன்றைய திரையில் என்ன இடம் இருந்தது?

கயல்விழி (காட்பாடி):

மிகக் குறைந்த இடம்தான், ஐயா. அதுவும் பிறர் வழியாகவே கிடைத்தது. 1937இல் கே. சுப்ரமணியம் எடுத்த ‘பாலயோகினி’யில், ஆதரவற்ற பிராமண விதவைக்கும் குழந்தைக்கும் அடைக்கலம் தருவது வேலைக்காரரின் எளிய வீடு. அந்தக் காலத்தில் அதைக் காட்டியது பெரிய துணிவு. ஆனால் துயரம் விதவையுடையது, அந்த வீட்டுப் பெண்ணுடையது அன்று. 1936இல் வந்த ‘அச்சுத் கன்யா’வில் தீண்டத்தகாதவள் என்று ஒதுக்கப்பட்ட பெண்ணே நாயகி. அந்தக் கஸ்தூரியாக நடித்தவர், இலண்டனில் படித்துவந்த உயர்குடிப் பெண்ணான தேவிகா ராணி. மெருகேற்றிய புருவமும் நேர்த்தியான சேலையுமாக அவர் சிற்றூர்ப் பெண்ணாக வருவார். கதையில் அவள் செய்த குற்றம் பிராமண இளைஞன் ஒருவனை நேசித்தது. மோதிக்கொள்ளும் ஆண்களைக் காப்பாற்ற ஓடிவரும் இரயிலின் முன் போய் நின்று உயிரை விடுகிறாள். ஊர் அவளுக்கு நினைவிடம் எழுப்பி வணங்குகிறது.

உயர்குடிப் பெண் தலித் பெண்ணாக நடித்தபோது நாடே பாராட்டியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, ஜே. சி. டேனியல் எடுத்த முதல் மலையாளப் படமான ‘விகதகுமாரன்’ படத்தில் பி. கே. ரோசி என்ற தலித் பெண் நாயர் பெண்ணாக நடித்திருந்தார். திருவனந்தபுரத்தில் படம் திரையிடப்பட்டபோது, தலித் பெண் ஒருத்தி நாயர் பெண்ணாக வந்ததைப் பொறுக்காதவர்கள் திரையின் மீது கல் எறிந்தார்கள். ரோசி ஊரைவிட்டே ஓட நேர்ந்தது. பிறகு அவர் நடிக்கவே இல்லை. தமிழ்நாட்டுப் பக்கம் வந்து, தாம் நடிகை என்பதைச் சொல்லாமலே வாழ்ந்து முடித்தார்.

ரோசி நடித்த கதையின் முடிவு என்னவாக இருந்தாலும் அதை நாம் இங்கே விவாதிக்க வேண்டியதில்லை. முடிவு வரை படத்தை ஓடவிடவே அவர்கள் சம்மதிக்கவில்லை.

செய்யாற்றான்:

அம்மா, எங்கள் ஆட்டத்தில் பெண் வேடம் கட்டும் ஆண்களில் பெரும்பாலோர் உழைக்கும் சாதிகளைச் சேர்ந்தவர்கள். பகலில் நெல் வயலில் நிற்பவர் இரவில் திரௌபதியாக நிற்பார், ஊரே அவர் காலில் விழும். மறுநாள் அதே தெருவில் அவருக்குக் கிடைக்கும் மரியாதை வேறு. ரோசியின் வரலாறு எனக்கு இதுவரை தெரியாது. துகில் உரிதல் இரவில், கோமாளியாக வந்து கதையை நடத்தும் கட்டியங்காரன் பேசும் பகுதியில் அதைச் சேர்த்துச் சொல்ல எங்கள் வாத்தியாரிடம் கேட்கப் போகிறேன். அவர் ஒப்புக்கொண்டால், எந்த ஊரில் எந்த நாளில் ஆட்டம் என்பதை இங்கேயே எழுதுகிறேன்.